பானையடிக் குளிர்

கடல்பாசி உறைய ஃபிரிட்ஜ் வேண்டியதில்லை. காய்ச்சி இறக்கி, தாம்பாளத்தில் ஊற்றி, யாரும் கால் இடறாத மூலையில் வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு உறையும். அக்னி நட்சத்திரத்திலும் உறையும். இதைச் சொன்னால் என் மருமகள் சிரிப்பாள். ஜெல்லி என்றால் பாக்கெட், பாக்கெட் பிரித்தால் ஃபிரிட்ஜ். அவள் வளர்ந்த வீட்டுக் கணக்கு அது. ஒருநாள் அவள் கண் முன்னாலேயே சமையல் மேடையில் ஊற்றி வைத்துவிட்டு இரண்டு பேரும் டிவி பார்க்கப் போய்விட்டோம். திரும்பி வந்து தட்டைச் சாய்த்துப் பார்த்தவள், "நிசமாவே உறைஞ்சிருச்சு அத்தை" என்றாள். அதோடு விட்டாளா? உடனே தட்டைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். குளிராமல் இதை எப்படிச் சாப்பிடுவது என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் ராமநாதபுரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் லாத்தா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லாத்தா என்றால் அக்கா. என் அம்மா அவரைவிட மூத்தவள். அவளும் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. எண்பதுகளின் முதல் பாதியில் நோன்பு வெயில் காலத்திலேயே வந்துகொண்டிருந்தது. பிறைக்கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து நகர்ந்து, 1986இல் நட்டநடு மே மாதத்துக்கு வந்து சேர்ந்தது. ராமநாதபுரத்து மே மாதம் எப்படியிருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கண்மாய் வெடித்துக் கிடக்கும். குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வெயிலில் தண்ணீர்கூடத் தொண்டையில் படாமல் பகல் முழுக்க இருந்துவிட்டு, அஸர் தொழுகை முடிந்த கையோடு லாத்தா அடுப்பு மூட்டுவார். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடும். வாடை என்ற பலகாரம் ஒரு பக்கம் பொரியும். கடல்பாசிக்கு மட்டும் அவசரம் கிடையாது.

அவர் வீட்டுத் தண்ணீர்ப் பானைகள் இரண்டும் பின்கட்டில், ஈர மணல் குவித்த மேடையில் இருக்கும். பானை கசிந்து கசிந்து அந்த மணல் எப்போதும் சில்லென்றிருக்கும். அதைக் கையால் தட்டிச் சமன் செய்து, காய்ச்சிய கடல்பாசித் தாம்பாளத்தை அதன் மேல் வைப்பார். உள்ளே இளநீர், அதன் வழுக்கை, கிடைத்த அன்றைக்கு நுங்கு. சீனி என்று பார்த்தால் ஒரு கை. ரேஷன் சீனியை மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து நோன்புக்கும் பெருநாளைக்கும் வைத்திருந்த வீடு அது. ஒரு கைக்கு மேல் இருந்தாலும் போட்டிருக்க மாட்டார். எனக்கு அந்தத் தாம்பாளத்தின் மேல் விரலை வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம். "ஏ புள்ள, தொடாத. ஒறையட்டும். வெரலு பட்டா தழும்பு விழுந்துரும்" என்பார். விழும். அரைகுறையாக உறைந்த நேரத்தில் தொட்டால் அந்த இடம் குழிந்து, கடைசிவரை அப்படியே நிற்கும். பாங்கு சொன்ன பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் சுவருக்கு மேலாக வரும். ஓரம் தழும்பு விழுந்த துண்டு எனக்கு.

பிறகு வாழ்க்கை என்னை மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. நுண்ணுயிரியல் பிரிவு. சேர்ந்த புதிதில் சீனியர் ஒருவர் பெரிய பாட்டில் ஒன்றை நீட்டி, "தட்டு ஊத்தணும், அகார் காய்ச்சத் தெரியுமா?" என்றார். உள்ளே மங்கலான வெள்ளையில் தூள். கரைத்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து எடுத்தபோது எழுந்த ஆவியை எங்கேயோ மோந்த ஞாபகம். கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் வட்டத்தட்டுகளில் ஊற்றினோம். ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே ஊற்ற வேண்டும். அதிகம் சூடாக ஊற்றினால் மூடியில் வேர்த்துக் கொட்டும். ஆறவிட்டால் பாட்டிலிலேயே கட்டிவிடும். தட்டு மேசையில் அசையாமல் இருக்க, ஓரத்திலிருந்து நடுவுக்கு அது பளபளப்பு மாறி உறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லாத்தா வீட்டு மணல் மேடை நினைவுக்கு வந்தது. கை தன்னால் நீண்டது. சீனியர் பட்டென்று தட்டிவிட்டார். அவர் பயம் தழும்பைப் பற்றியது அல்ல, என் விரலில் இருக்கும் கிருமியைப் பற்றியது.

கடல்பாசிதான் அகார். அங்கே ஒரு லிட்டருக்கு 15 கிராம், சமையலில் 10 கிராம், வித்தியாசம் அவ்வளவுதான். அங்கே மாட்டிறைச்சிச் சாறும் பெப்டோனும் சேர்த்தோம், லாத்தா இளநீர் சேர்த்தார். நோயாளியின் சளியையும் சிறுநீரையும் அதன் மேல் கோடு கோடாக இழுத்து, 37 டிகிரி அடுப்புப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் என்றால் தண்ணீராக ஓடியிருக்கும். அகார் உருகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். உறைவது நாற்பதுக்குப் பக்கத்தில், உருகுவது எண்பத்தைந்தில். உலகத்தில் இவ்வளவு பிடிவாதமான பொருள் வேறு இருக்கிறதா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

இந்தப் பிடிவாதத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது ஒரு சமையலறை. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றில் மிதக்கும் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்கள் பயன்படுத்தியது ஜெலட்டின். கோடையில் அது இளகிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். வேலை முழுவதும் பாழ். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸேயும் அந்த ஆராய்ச்சிக்கு உதவியாக இருந்தவர். கணவரின் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவர். வெயில் காலத்திலும் உன்னுடைய பழ ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று கணவர் கேட்க, அது அகார் என்று சொன்னார். நியூயார்க்கில் சிறு வயதில் பக்கத்து வீட்டு டச்சுக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டது. அவர்கள் ஜாவாவில் இருந்துவிட்டு வந்தவர்கள். ஜாவாவின் புழுக்கத்திலும் உருகாமல் நின்ற தின்பண்டம் இப்படிக் கண்டம் கண்டமாகச் சுற்றி பெர்லினுக்குப் போயிருக்கிறது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகார் வருகிறது. ஃபேனியின் பெயர் வரவில்லை. ஐந்து வருடம் கழித்து அதே கூடத்தில் வேலை பார்த்த பெட்ரி அதை ஊற்றத் தட்டையான மூடியிட்ட தட்டு ஒன்றைச் செய்தார். அவர் பெயர் இன்றும் எல்லா ஆய்வகத்திலும் புழங்குகிறது. தட்டுக்குப் பெயர் கிடைத்தது, பண்டத்தைக் கொடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை. சரி, இதுவொன்றும் நமக்குப் புதிதில்லை.

இவ்வளவும் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்றால், அம்மாவுக்காக. அம்மாவுக்குச் சர்க்கரை. எண்பதைத் தாண்டிய பிறகு வந்ததல்ல, பல வருடமாகவே இருக்கிறது. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. அந்த எண்ணிக்கையைப் பேப்பரில் படித்துவிட்டு, "அப்ப நான் மட்டும் இல்ல" என்று ஆறுதல்பட்டவள் என் அம்மா. வெயில் வந்தால் குளுகுளுவென்று ஏதாவது கேட்பாள். ஐஸ்கிரீம் கேட்பாள், ரோஸ்மில்க் கேட்பாள், ஜிகர்தண்டா கேட்பாள். மதுரையில் இருந்துகொண்டு ஜிகர்தண்டா கேட்காதே என்றால் அது அநியாயம்தான். டாக்டர் பழமாகக் கொடுங்கள், ஜூஸாக வேண்டாம் என்றார். அதனால் பழம் போட்ட கடல்பாசி.

முதல் வாய் வைத்ததும் அம்மா முகம் சுளித்தாள். "பல்லு கூசுதுடி. இதுல இனிப்பே இல்லையே." நான் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டேன். துணி மடித்து, போன் பேசிவிட்டு வந்தால் கிண்ணம் காலி. "இப்பத்தான் இனிக்குது" என்றாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தால் இனிப்பில்லை; கொஞ்சம் வெளியில் இருந்தால் இனிக்கிறது. ஒரே தட்டு, ஒரே சீனி.

நாக்கில் இருக்கிற விஷயம்தான் இது. 2005இல் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் இதை எழுதியிருக்கிறார்கள். நம் சுவை மொட்டுகளின் செல்களில் டிஆர்பிஎம்5 என்று ஒரு வாசல் இருக்கிறது. இனிப்பு பட்டால் அது திறந்து மூளைக்குச் சேதி போகும். பதினைந்து டிகிரியில் அரைக்கதவாகத் திறப்பது, முப்பத்தைந்துக்கு ஏற ஏற நன்றாகத் திறக்கிறது. நான்கு டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து நேராக நாக்குக்கு வருவதற்கு அது அசைந்து கொடுப்பதில்லை. உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திகட்டும். உறைந்திருக்கும்போது அவ்வளவு சீனியும் நாக்குக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். குளிரக் குளிரக் கொடுக்கிற எந்தப் பண்டத்திலும் சீனி ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் பேராசை மட்டுமல்ல.

இந்த இடத்தில்தான் லாத்தா வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது நினைவுக்கு வருகிறது. அவர் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது வெளிர்நீலத்தில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டார். தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ். அதற்குப் பூப்போட்ட உறை தைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடியும் வைத்தார்கள். தெருவே அதில் ஐஸ் கேட்டு வாங்கிக் குடித்தது. அந்த வருடத்து நோன்பில் தாம்பாளம் மணல் மேடைக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜ் தட்டு அகலத்துக்குச் சின்னச் சின்னப் பாத்திரங்கள் வந்தன. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு லாத்தாவே, "என்னமோ சப்புன்னு இருக்கு" என்றார். மறுநாள் ஒரு கை சீனி இரண்டு கையானது. பிறகு டம்ளர் கணக்கு. இளநீர் போய்ப் பால் வந்தது, பாலோடு மில்க்மெய்ட் டின் வந்தது, பச்சையும் சிவப்புமாகக் கலர் வந்தது. பால் ஒரு அடுக்கு, ரோஸ் ஒரு அடுக்கு என்று பார்க்க அழகாக இருக்கும். பொய் சொல்லக் கூடாது, சாப்பிடவும் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் அதைத்தான் கொண்டாடினோம். இளநீர்க் கடல்பாசியை யாரும் மறுபடி கேட்கவில்லை. வசதி வந்ததால் சீனி கூடியது என்றுதான் அப்போது நினைத்தோம். குளிர் கூடியதால் கூடியது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்து இறங்கியதால் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது.

லாத்தா இப்போது இல்லை. மகள் சென்னையில் இருக்கிறாள். 2019இல் நோன்பு திரும்பவும் மே மாதத்துக்கு வந்தபோது போன் செய்தாள். முப்பத்து மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. 1986இல் விட்ட இடத்துக்குப் பிறை திரும்பி வந்திருந்தது. "உம்மா இளநில செய்வாங்களே, அளவு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். மகளுக்கே தெரியாத அளவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிறாள். லாத்தாவின் அளவு கை. என்னிடம் இருந்தது ஆய்வகத்துக் கிராம் கணக்கு. இரண்டையும் கூட்டி ஒப்பேற்றினோம்.

அளவுக்குப் போவதற்கு முன் கடலுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். சின்னப் பிள்ளையில் மண்டபத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது கரையில் பாசி காய்வதைப் பார்த்திருக்கிறேன். கருஞ்சிவப்பும் பழுப்புமாகப் பரப்பியிருக்கும். கவுச்சி அடிக்கும். இதிலிருந்தா அந்த நிறமில்லாத, மணமில்லாத இழை வருகிறது என்று நம்ப முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில் பெண்கள் முங்கி முங்கிப் பறிக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கீறாமல் இருக்க விரலில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றும் நாட்களைப் பார்த்துப் போவார்கள். 1986இல் அந்தத் தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு அவர்கள் பிழைப்புக்கு வம்பு வந்தது. பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொள்வது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்து, கடலையும் காப்பாற்றிப் பிழைப்பையும் பேசினார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது அதற்காகத்தான்.

அவர்களிடம் கேட்டால் பாசிக்கு ஊர்ப்பட்ட பெயர். கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி. பெப்சி பாசி என்றுகூட ஒன்று இருக்கிறது. அந்தக் குளிர்பானக் கம்பெனி இந்தக் கரையில் வளர்க்க ஏற்பாடு செய்த அயல்நாட்டு ரகம். அதில் அகார் இல்லை, கேராஜீனன் என்ற வேறு பசை. அகார் வருவது மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும். மரிக்கொழுந்தில் எடுப்பது இறுக்கம் கூடியது, ஆய்வகத்துக்கு அது ஏற்றது. கஞ்சிப்பாசியில் எடுப்பது சாப்பாட்டுக்கு. மதுரையைச் சுற்றியிருக்கும் அகார் ஆலைகளுக்கு இரண்டும் வந்து சேரும். நான் தட்டு ஊற்றியதும் லாத்தா தாம்பாளத்தில் ஊற்றியதும் ஒரே கடலில் பக்கத்துப் பக்கத்துப் பாறையில் முளைத்ததாக இருந்திருக்கலாம்.

கடைக்குப் போனால் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள், கடல்பாசி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பாதாம் பிசினை மட்டும் மாற்றி வாங்கி வந்துவிடக் கூடாது. அது மரத்துப் பிசின், பச்சைத் தண்ணீரில் ஊறியே பொங்கும். காய்ச்சி உறைய வைக்கிற பொருள் இல்லை. கடல்பாசி இழை நைந்துபோன நைலான் கயிறு போல இருக்கும், கையில் கனமே தெரியாது. பத்து கிராம் எடுத்துக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, 400 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுகிறேன். பிறகு சிறு தீ. இங்கே பொறுமை வேண்டும். கொதி வந்துவிட்டது, கரைந்துவிட்டது என்று தோன்றும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி இழைகள் நெளிந்துகொண்டிருக்கும். அவை அத்தனையும் மறைய வேண்டும். மறையாமல் இறக்கினால் மேலே இறுகியும் கீழே கொழகொழவென்றும் நிற்கும். நன்றாகக் கரைந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பைப் பார்த்து யாரும் திகைக்க வேண்டாம். இனிப்பைத் தூக்கிக் காட்ட அது போதும். வடிகட்டி, அடுப்பை அணைத்துவிட்டு, 600 மில்லி இளநீரைச் சேர்க்கிறேன்.

அந்த இளநீர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. குளிர்ந்த இளநீர் பட்ட இடத்தில் கடல்பாசி திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் இளநீர்ச் செம்பை இறக்கி வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். கொதிக்க வைத்தால் இளநீர் வாசம் போய்விடும். எலுமிச்சை பிழிய ஆசை இருந்தால் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் கடல்பாசி வலுவிழந்து உறையாமல் அழும்.

பழத்துக்கு வருவோம். அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினில் பச்சையாகப் போட்டால் உறையாது. அவற்றிலிருக்கும் நொதி ஜெலட்டினின் புரதத்தை அறுத்துவிடும். கடல்பாசியில் புரதம் இல்லை, அதனால் எந்தப் பழமும் போடலாம். எனக்குப் பிடித்தது கம்பத்துப் பன்னீர் திராட்சை. இரண்டாகக் கீறி விதை எடுத்துவிட்டுப் போட்டால் சாறு கசிந்து சுற்றிலும் ஊதா வளையம் விழும். அதற்கு மேல் எந்தக் கலரும் தேவையில்லை. திராட்சையிலும் தர்பூசணியிலும் இருக்கிற பழச்சர்க்கரைக்கு ஒரு விசேஷம், குளிர்ந்தால் அதன் இனிப்பு கூடும். சீனிக்கு நேர் எதிர். குளிர வைத்த தர்பூசணி இனிப்பதன் ரகசியம் அதில் பாதி. மாம்பழத்தில் சீனி வகைதான் அதிகம், அதனால் அதை முழுக் குளிரில் கொடுத்தால் வீண். முலாம்பழம் நன்றாகப் பழுத்து வாசம் வந்தால் மட்டும் சேர்ப்பேன். இல்லாவிட்டால் வெள்ளரிக்காய்த் துண்டு தின்பதாக அம்மா சொல்வாள். அடியில் கால் பங்கு ஊற்றி, லேசாகத் தோல் கட்டியதும் பழத்தைப் பரப்பி, மிச்சத்தை மேலே ஊற்ற வேண்டும். முழுக்க உறைந்த பிறகு ஊற்றினால் வெட்டும்போது இரண்டு அடுக்கும் வழுக்கிப் பிரிந்துவிடும். லாத்தா தழும்புக்குப் பயந்த அதே நேரம்தான் இதற்குச் சரியான நேரம்.

பழத்தை அரைத்துச் சாறாகச் சேர்த்தால் சுலபம்தானே என்று மருமகள் கேட்டாள். சுலபம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சீனிக்கு வரம்பு சொன்னபோது சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் சீனிக் கணக்கில் எழுதியது. முழுப் பழத்தை எழுதவில்லை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. நான் போடும் இரண்டு மேசைக்கரண்டி ஒரு தாம்பாளத்துக்கே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு டீஸ்பூன்கூட வராது. பழத்திலும் இளநீரிலும் இருப்பது தனி. அதற்காக அம்மாவுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுப்பதில்லை. ஒன்று, அதுவும் நாலு மணிக்கு, காபிக்குப் பதிலாக. காபியை யாரும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போடச் சொல்லி எல்லாரும் யோசனை சொல்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரிக்குக் கருப்பட்டி மேல் வெறுப்பு வருமா? மணத்துக்காக ஒருமுறை நுங்கோடு சேர்த்துச் செய்தேன், பிரமாதம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குக் கருப்பட்டி நல்லது என்று சொல்லி அள்ளிப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், நிறம்தான் வேறு. செயற்கை இனிப்பு மாத்திரையையும் கரைத்துப் பார்த்தேன். நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு தங்கியது. அம்மா, "மருந்து குடிச்ச மாதிரி இருக்கு, இதுக்கு மாத்திரையவே முழுங்கிரலாம்" என்றாள். அதோடு அந்த டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

இப்போது எங்கள் வீட்டில் வழக்கம் இதுதான்: காலையில் காய்ச்சி, ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்துவிடுவது. நான்கு நாள் தாங்கும்; இரண்டாம் நாளிலிருந்து ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விடும், அது கெட்டுப்போனதல்ல. மண்பானை ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அடியில் மணல் போட்டு வைக்க அடுக்குமாடி வீட்டில் இடம் இல்லை, மருமகள் டைல்ஸ் போய்விடும் என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால் அகலமான ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் கிண்ணங்களை இறக்கி வைக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. அவர்கள் நீலக் கலர் கேட்கிறார்கள். சங்குப்பூ போட்டு ஒருமுறை ஏமாற்றினேன். எலுமிச்சை பட்டதும் அது ஊதாவாக மாறியதில் அதற்கும் மேல் சந்தோஷம்.

திராட்சைக்கு இப்போது விலை ஏறிவிட்டது. ஆடி பிறக்கப் போகிறது, தள்ளுவண்டியில் நாவல் வந்துவிட்டது. நாவல் துவர்க்கும், குளிர்ந்தால் இன்னும் துவர்க்கும். அதற்கு உப்பைக் கொஞ்சம் கூட்டி, பழுத்துக் கறுத்ததாகப் பார்த்துப் பொறுக்கி, மண்சட்டிக் குளிருக்கு மேல் போகாமல் கொடுத்தால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். "நாவல் சர்க்கரைக்கு நல்லதாம்ல, ரெண்டு கிண்ணம் சாப்பிடலாம்ல" என்று அம்மா இப்போதே பேரம் பேசுகிறாள். ஒரு கிண்ணம்தான் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கிலோ நாவலுக்கு விதை எடுக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருமகளுக்கு லீவு.